“உறுதியாகச் செய்யவா?” – அன்றாட மென்பொருள் இடைமுகங்களில் பிழையும் பொறுப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஒரு செயலை முடிக்குமுன் “உறுதியாகச் செய்யவா?” என்று கேட்கும் உரையாடல் பெட்டி அன்றாட மென்பொருள்களில் பரவலாகக் காணப்படுகிறது. பயனரைப் பிழையிலிருந்து காப்பதற்கான ஏற்பாடாக அது கருதப்படுகிறது. பெரும்பாலான இடங்களில் அது பிழையைத் தடுப்பதில்லை என்றும், பிழைக்கான பொறுப்பை வடிவமைப்பாளரிடமிருந்து பயனருக்கு மாற்றும் கருவியாகவே செயல்படுகிறது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. பயன்பாட்டெளிமை நெறிகளை வகுத்தோரின் கருத்துகள், 2018ஆம் ஆண்டு ஹவாய் ஏவுகணை எச்சரிக்கை நிகழ்வு, நீக்கிய கோப்பையும் அனுப்பிய செய்தியையும் மீட்கும் வசதிகளின் வரலாறு ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தமிழ் இடைமுகங்களில் இவ்வினா அமைந்துள்ள மொழிவடிவம் நன்னூலின் வினா, விடை வகைப்பாட்டின் துணையுடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பயன்பாட்டெளிமை, இடைமுக வடிவமைப்பு, உறுதிப்படுத்தல், மீள்வழி, வினா-விடை, தமிழாக்கம்.

முன்னுரை

கணினியில் ஒரு கோப்பை நீக்கும்போதும், இணையத்தில் ஒரு படிவத்தைச் சமர்ப்பிக்கும்போதும், கைப்பேசியில் ஒரு பயணச்சீட்டை விலக்கிக்கொள்ளும்போதும் திரையின் நடுவே ஒரு சிறு பெட்டி தோன்றுகிறது. செய்யப்போகும் செயலைக் குறிப்பிட்டு, உறுதிதானா என்று கேட்கிறது. பயனர் “ஆம்” என்பதை அழுத்துகிறார். பெட்டி மறைகிறது. இந்நிகழ்வு நாள்தோறும் பலமுறை நடப்பதால், அதில் ஆராய்வதற்கு ஏதுமில்லை என்றே தோன்றும்.

இக்கட்டுரையாளர் முனைவர் பட்டப் பதிவுக்காக நிரப்பிய இணையப் படிவம் ஒன்றில் முதுகலைப் பட்டம் பெற்ற ஆண்டு பிழையாகப் பதிவாகிவிட்டது. சமர்ப்பிக்குமுன் வழக்கமான பெட்டி தோன்றியது; “ஆம்” அழுத்தப்பட்டது. ஒப்புகைச் சீட்டை அச்சிட்ட பிறகே பிழை கண்ணில்பட்டது. அப்போது அப்படிவத்தைத் திருத்த வழியில்லை. நெறியாளரின் கையொப்பம், துறைத்தலைவரின் பரிந்துரை, வேண்டுகோள் கடிதம் என அத்திருத்தத்திற்கு மூன்று வாரங்கள் ஆயின. அலுவலகத்தில் கிடைத்த விளக்கம் ஒற்றை வரிதான்: “கேட்டுத்தானே சமர்ப்பித்தது? நீங்கள்தானே ஆம் என்று அழுத்தினீர்கள்?”

அந்த விளக்கமே இக்கட்டுரைக்குத் தொடக்கம். பயனரைக் காப்பதற்கென வைக்கப்பட்ட வினா, பிழை நேர்ந்தபின் அவருக்கு எதிரான சான்றாக மாறுவது எவ்வாறு? இவ்வினாவைப் பயன்பாட்டெளிமை நெறிகள் எவ்வளவு தூரம் ஆதரிக்கின்றன? அதற்கு மாற்று உண்டா? இம்மூன்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இரு நெறிகளும் அவற்றின் விலையும்

மென்பொருள் இடைமுகத்தின் பயன்பாட்டெளிமை குறித்த நெறிகள் 1980களிலிருந்து தொகுக்கப்பட்டு வருகின்றன. பென் ஷ்னைடர்மன் வகுத்த எட்டுப் பொன்விதிகளில், செய்த செயலை எளிதில் திரும்பப் பெற இடமளிக்க வேண்டும் என்பது ஒன்று. திரும்பப் பெறலாம் என்பதை அறிந்த பயனர் அச்சமின்றிப் புதியவற்றை முயன்று பார்ப்பார் என்பது அவ்விதியின் அடிப்படை. யாக்கோபு நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் வெளியிட்ட நெறித்தொகுப்பைச் செப்பம் செய்து, 1994இல் நீல்சன் பத்து நெறிகளாக அமைத்தார். இன்று இடைமுக வடிவமைப்பைக் கற்பிக்கும் இடங்களில் பெரிதும் எடுத்தாளப்படுவது இத்தொகுப்பே.

இப்பத்தில் இரண்டு நெறிகள் நம் வினாவுக்கு நேரடியாகத் தொடர்புடையவை. மூன்றாம் நெறி, பயனருக்குக் கட்டுப்பாடும் விடுதலையும் வேண்டும் என்கிறது. தவறுதலாக ஓரிடத்திற்கு வந்தவர் வெளியேறவும், செய்ததை மீட்கவும் வழி இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். ஐந்தாம் நெறி பிழைத்தடுப்பு பற்றியது. பிழை நேரக்கூடிய சூழலையே அகற்ற வேண்டும். இயலாதெனில் அச்சூழலைக் கண்டறிந்து, செயலை முடிக்குமுன் பயனரிடம் உறுதிப்பாடு பெற வேண்டும் என அது கூறுகிறது.

நூலில் இவ்விரு நெறிகளும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. நடைமுறையில் அவை போட்டியிடுகின்றன. போட்டியைத் தீர்மானிப்பது விலை. உறுதிப்படுத்தும் பெட்டியை உருவாக்க நிரலாளருக்கு ஒரு வரி போதும். இணையப் பக்கங்களை எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதற்கென ஆயத்தக் கட்டளையே இருக்கிறது. மீள்வழியை உருவாக்கவோ பழைய நிலையைச் சேமித்து வைக்க வேண்டும். எத்தனை நாள் வைப்பது, யார் மீட்கலாம், மீட்டபின் தொடர்புடைய பிற பதிவுகள் என்னாகும் என்றெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ஐந்தாம் நெறியிலும் உறுதிப்பாடு பெறுவது இரண்டாம் தெரிவாகத்தான் வருகிறது. முதல் தெரிவான சூழலை அகற்றுதல் உழைப்பைக் கோருவதால், இரண்டாம் தெரிவே முழு நெறியாகக் கொள்ளப்பட்டுவிடுகிறது.

2. நழுவலும் தவறான முடிவும்

உறுதிப்படுத்தும் வினா எவ்வகைப் பிழையைத் தடுக்கும் என்பதை அறியப் பிழைகளை வகைப்படுத்த வேண்டும். டொனால்ட் நார்மன் 1988இல் வெளியிட்ட, அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றிய நூலில் பிழைகளை இரண்டாகப் பிரிக்கிறார். எண்ணம் சரியாக இருந்து கை பிறழ்வது ஒருவகை. அதை இங்கு நழுவல் என்போம். எண்ணமே பிழையாக இருந்து, கை அவ்வெண்ணத்தைச் சரியாக நிறைவேற்றுவது மற்றொரு வகை. அது தவறான முடிவு. அருகிலிருந்த பொத்தானில் விரல் பட்டுவிடுவது நழுவல். பழைய படி என நினைத்துப் புதிய ஆய்வேட்டுக் கோப்பை நீக்குவது தவறான முடிவு.

உறுதிப்படுத்தும் வினா நழுவலை ஓரளவு தடுக்கக்கூடும். தவறான முடிவின்முன் அது பயனற்றது. புதிய கோப்பைப் பழையது என நம்பி நீக்க முனைந்தவரிடம் “நீக்கவா?” என்று கேட்டால், அவர் “ஆம்” என்றே சொல்வார், நீக்குவது அவருடைய எண்ணந்தானே! நார்மனும் இதையே சுட்டுகிறார்: இவ்வினாவுக்கு விடையளிக்கும் பயனர் தாம் செய்யும் செயலை உறுதி செய்கிறார், எந்தக் கோப்பின்மீது அச்செயல் நிகழ்கிறது என்பதை அவர் மறுபடி பார்ப்பதில்லை.

நழுவலைத் தடுப்பதிலும் இவ்வினாவின் ஆற்றல் நாளடைவில் தேய்ந்துவிடுகிறது. ஆப்பிள் நிறுவனத்தில் மக்கின்டோஷ் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின், 2000ஆம் ஆண்டு வெளியான தம் நூலில் இதற்கான காரணத்தை விளக்குகிறார். ஒரே வினாவுக்கு ஒரே விடையைத் திரும்பத் திரும்ப அளிக்கும்போது அது பழக்கமாகிறது. பிறகு நீக்குவதும் உறுதி செய்வதும் இரு செயல்களாக இல்லாமல், தொடர்ந்த ஒரே கையசைவாகிவிடுகின்றன. கவனத்தை வேண்டி எழுப்பிய வினா, கவனம் தேவைப்படாத பழக்கத்தில் முடிகிறது.

மைக்ரோசாஃப்ட் 2007இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட விண்டோஸ் விஸ்டா இதற்குப் பெருமளவிலான சான்று. கணினியின் அமைப்பை மாற்றும் செயல்களுக்கு இசைவு கேட்கும் பெட்டி அதில் அடிக்கடி தோன்றியது. பாதுகாப்பு கருதிய ஏற்பாடாயினும், பயனர் பலர் படிக்காமலேயே இசைவளித்தனர். சிலர் அவ்வசதியையே முடக்கினர். 2009இல் வந்த விண்டோஸ் 7இல் அப்பெட்டி தோன்றும் தருணங்கள் குறைக்கப்பட்டன. எந்த அளவுக்குக் கேட்க வேண்டும் என்பதை நான்கு நிலைகளில் பயனரே அமைத்துக்கொள்ளவும் முடிந்தது. வினாக்கள் பெருகினால் பாதுகாப்பும் பெருகும் என்ற கருத்தை அதை உருவாக்கியவர்களே கைவிட நேர்ந்தது.

3. ஹவாய்: 38 நிமிடங்கள்

மேற்கண்ட வேறுபாடு வெறும் கோட்பாடு என்று கருதுவோர்க்கு, 2018 ஜனவரி 13 அன்று அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் நிகழ்ந்ததை எடுத்துக்காட்டலாம். அன்று காலை 8:07 மணிக்கு, ஏவுகணை ஒன்று ஹவாயை நோக்கி வருவதாகவும் உடனே புகலிடம் தேடுமாறும் மக்களின் கைப்பேசிகளுக்கு எச்சரிக்கை சென்றது. ஏவுகணை எதுவும் வரவில்லை. அது தவறான எச்சரிக்கை என்ற திருத்தம் கைப்பேசிகளை அடைந்தபோது 8:45 மணி.

அலுவலர் ஒருவர் தவறான தெரிவை அழுத்திவிட்டார் என்பதே முதலில் தரப்பட்ட விளக்கம், அதாவது நழுவல். அமெரிக்கக் கூட்டரசின் தகவல்தொடர்பு ஆணையம் மேற்கொண்ட விசாரணை வேறொன்றைக் காட்டியது. பணி மாறும் வேளையில் ஒத்திகை ஒன்று நடத்தப்பட்டது. அதற்காக ஒலித்த செய்தியில் இது பயிற்சி என்ற சொற்களும், இது பயிற்சியன்று என்ற சொற்களும் இருந்தன. எழுத்து வழியாகத் தாம் அளித்த கூற்றின்படி, அவ்வலுவலர் அதை மெய்யான தாக்குதல் எனவே நம்பினார். மென்பொருள் அவரிடம் எச்சரிக்கையை அனுப்புவது உறுதிதானா என்று கேட்கவும் செய்தது. அவர் ஆம் என்றார். மெய்யென நம்பியவர் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

அம்மென்பொருளில் ஒத்திகைக்கும் மெய்யான எச்சரிக்கைக்கும் போதிய வேறுபாடு திரையில் இல்லை என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. பிழை நேரும் சூழலை அகற்றும் பணி செய்யப்படாமல் இருந்தது. உறுதிப்படுத்தும் வினா மட்டும் இருந்தது.

மீள்வழி நோக்கில் காணத்தக்க செய்தி இன்னொன்று உண்டு. எச்சரிக்கை சென்ற ஐந்து நிமிடத்திற்குள், 8:12 மணிக்கே அதை ரத்து செய்யும் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. அக்கட்டளை, எச்சரிக்கை மேலும் பரவாமல் நிறுத்தியதே தவிர, ஏற்கெனவே அதைப் பெற்று அஞ்சி நின்ற மக்களுக்கு எதையும் தெரிவிக்கவில்லை. தவறான எச்சரிக்கையைத் திருத்துவதற்கான செய்தி முன்கூட்டி எழுதி வைக்கப்படவில்லை. அதை எழுதவும், அனுப்ப அதிகாரம் உண்டா என்று கேட்டறியவும் நேரம் சென்றது. எச்சரிக்கையை அனுப்பும் வழி ஆயத்தமாக இருந்தது. அதிலிருந்து மீளும் வழி ஆயத்தமாக இல்லை. பின்னர் எச்சரிக்கை அனுப்ப இருவர் இசைவு வேண்டும் என்ற விதியுடன், திருத்தச் செய்திக்கான ஆயத்தப் படிவமும் சேர்க்கப்பட்டது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. தவறான முடிவை வினா தடுக்காது. மீள்வழி என்பது செயலை நிறுத்துவதோடு முடிவதன்று. அச்செயலின் விளைவு சென்றடைந்த இடம்வரை அதுவும் சென்றாக வேண்டும்.

4. வினாவை விடுத்து மீள்வழிக்கு

அன்றாட மென்பொருள்களில் வினாவின் இடத்தை மீள்வழி மெல்ல மெல்லப் பெற்ற வரலாறும் உண்டு. விண்டோஸ் 95இல் நீக்கிய கோப்புகளுக்கான தொட்டி அறிமுகமானது. நீக்கிய கோப்பு அதில் தங்கும், வேண்டுமெனில் மீட்கலாம். மீட்க வழி பிறந்த பின்னும், தொட்டிக்கு அனுப்பவா என்ற வினா தொடர்ந்தது. 2012இல் வெளியான விண்டோஸ் 8இல்தான் அவ்வினா இயல்நிலையில் கேட்கப்படாமல் விடப்பட்டது. தேவையற்றுப்போன வினா ஒன்று நீங்குவதற்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின. தொழில்நுட்பக் காரணம் இல்லாமலும் இவ்வினா நிலைபெறும் என்பதை இது காட்டுகிறது.

ஜிமெயில் மற்றொரு சான்று. அனுப்பிய மின்னஞ்சலைத் திரும்பப் பெறும் வசதி அதில் 2009இல் சோதனை நிலையில் வந்து, 2015இல் முறையான வசதியாயிற்று. இதன் செயல்முறை எளியது. “அனுப்பு” என்பதை அழுத்தியபின் மின்னஞ்சல் சில நொடிகள் காத்திருக்கிறது. பயனர் வேண்டாமென்றால் அது வெளியே செல்வதில்லை. காத்திருக்கும் நேரத்தை 5 முதல் 30 நொடிகள்வரை அமைக்கலாம். இணைப்பைச் சேர்க்க மறந்தது, பெறுநரின் பெயரில் பிழை நேர்ந்தது போன்றவை பெரும்பாலும் அனுப்பிய மறுகணமே நினைவுக்கு வருகின்றன என்பது நாம் அறிந்ததே. பிழை மனத்தில் படும் அந்தக் கணத்தில் மீள்வழி காத்திருக்கிறது. வினாவோ பிழை மனத்தில் படுவதற்கு முந்தைய கணத்தில் கேட்கப்பட்டு மறைந்துவிடுகிறது.

வாட்ஸ்ஆப் செயலியில் ஒரு செய்தியை அனைவருக்கும் நீக்கலாம். தமக்கு மட்டும் நீக்கிக்கொள்ளவும் செய்யலாம். குழுவில் தவறாக இட்ட செய்தியை அகற்ற விரைபவர் பதற்றத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டால், செய்தி அவர் கண்ணிலிருந்து மட்டும் மறையும். குழுவில் பிறர் அதைப் படித்துக்கொண்டிருப்பர். 2022 டிசம்பரில் இதற்குத் தீர்வாக ஐந்து நொடிகள் நீளும் மீள்வழி சேர்க்கப்பட்டது. இங்கு இன்னொரு வினா எழுப்பப்படவில்லை என்பது கருதத்தக்கது.

5. மீட்க இயலாத செயல்கள்

எல்லாச் செயல்களையும் மீட்க முடியுமா என்ற எதிர்வாதம் நியாயமானது. பிறர் கணக்கில் சேர்ந்துவிட்ட பணத்தை அனுப்பியவர் தம் செயலியில் ஒரு பொத்தானை அழுத்தித் திரும்பப் பெற இயலாது. அத்தகைய இடங்களில் உறுதிப்படுத்தல் தேவைதான். எதைக் காட்டி உறுதி பெறுவது என்பதே ஆராயத்தக்கது.

யுபிஐ வழியாகப் பணம் அனுப்பும்போது கடவெண்ணை இடுமுன் பெறுநரின் பெயர் திரையில் தோன்றுகிறது. கடைக்காரர் பெயரை எதிர்பார்த்தவர் அறியாத ஒருவர் பெயரைக் கண்டால் நிறுத்திக்கொள்வார். நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தை நீக்க வேண்டுமெனில் அதன் பெயரைப் பயனரே தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டிலும் பயனரின் பார்வை செயலிலிருந்து செயப்படுபொருளுக்குத் திருப்பப்படுகிறது. நார்மன் சுட்டிய குறை இங்கு நீங்குகிறது. இவை பழக்கமாவதும் கடினம். பெயர் ஒவ்வொரு முறையும் மாறுகிறது.

முன்னுரையில் கூறிய படிவம், மீட்க இயலாத செயலைக் கொண்டதன்று. தரவுத்தளத்தில் ஓர் ஆண்டை மாற்றுவதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. மூன்று வாரங்களுக்குப் பிறகு அது மாற்றப்படவும் செய்தது. பதிவின் இறுதி நாள்வரை திருத்த இடமளித்து, ஒவ்வொரு திருத்தத்தையும் நாளுடன் பதிவு செய்திருக்கலாம். குறைந்தது, நிரப்பிய விவரங்களை ஒரே பக்கத்தில் காட்டிவிட்டு உறுதி கேட்டிருக்கலாம். அலுவலக வசதிக்காக மீட்க இயலாததாக்கப்பட்ட செயலையும், இயல்பிலேயே மீட்க இயலாத செயலையும் ஒன்றெனக் கொள்வது பிழை. பெரும்பாலான படிவங்கள் முதல்வகையைச் சேர்ந்தவை.

6. தமிழ் இடைமுகத்தில் வினாவும் விடையும்

உறுதிப்படுத்தும் பெட்டி என்பது அடிப்படையில் ஒரு வினாவும் இரு விடைகளும் ஆகும். ஆகவே அதனை மொழிநிலையிலும் ஆராயலாம். நன்னூல் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுக்கிறது. இவை ஒவ்வொன்றிலும் வினவுபவருக்கு ஒரு நோக்கம் உண்டு. “நீக்கவா?” எனக் கேட்கும் மென்பொருளின் நோக்கம் இவற்றுள் எது? பயனர் முன்னரே கட்டளையிட்டுவிட்டதால் மென்பொருள் அறியாதது ஏதுமில்லை. ஐயமும் அதற்கு இல்லை. வினாவின் வடிவம் இருந்தும், வினவுதற்குரிய தேவை இல்லை. பெறப்படும் விடையால் விளையும் ஒரே மாற்றம், பயனர் இசைந்தார் என்ற பதிவு மட்டுமே.

விடை வகையிலும் இக்குறை தெரிகிறது. நன்னூல் கூறும் எட்டு விடைகளில் மறை, நேர் என்ற இரண்டையே இப்பெட்டி ஏற்கிறது. பயனர் மனத்தில் எழுவது பல நேரங்களில் வினா எதிர் வினாதலாகும்: விண்ணப்பத்தை விலக்கினால் கட்டிய தொகை திரும்புமா? நீக்கினால் மற்றவர்களிடமும் நீங்குமா? இவற்றைக் கேட்கப் பெட்டியில் இடமில்லை. நல்ல இடைமுகம் இவ்வெதிர்வினாவை முன்னுணர்ந்து வினாவிலேயே விளைவைக் கூறிவிடும்.

தமிழாக்கம் சிக்கலை மேலும் கூட்டுகிறது. “இதை நீக்க வேண்டுமா?” என்ற வினாவுக்குத் தமிழில் இயல்பான மறுப்பு “வேண்டாம்” என்பதே. இடைமுகம் தருவதோ “இல்லை”. சேமிக்காமல் வெளியேறவா என்பது போன்ற எதிர்மறை கலந்த வினாவுக்கு “இல்லை” எனும் விடை, சேமிக்க வேண்டியதில்லை என்றும் வெளியேற வேண்டாம் என்றும் இருவகையாகக் கொள்ள இடந்தருகிறது. “பயணச்சீட்டை ரத்து செய்யவா?” என்ற வினாவின்கீழ் “ரத்து செய்” என்றொரு பொத்தான் இருந்தால், அது சீட்டை ரத்து செய்வதா, அம்முயற்சியை ரத்து செய்வதா என்பது விளங்குவதில்லை. “சீட்டை விலக்கு”, “சீட்டு இருக்கட்டும்” என வினைமுற்றுகளையே பொத்தான்களில் இட்டால் இம்மயக்கம் நீங்கும்.

மீள்வழியைக் குறிக்கத் தமிழ் இடைமுகங்களில் பரவலாக வழங்கும் “செயல்தவிர்” என்ற சொல்லும் ஆய்வுக்குரியது. தவிர்த்தல் என்பது செய்யாதிருத்தல். அது செயலுக்கு முன் நிகழ்வது. மீட்டலோ செய்த பின் நிகழ்வது. முதன்முறையாக இச்சொல்லைக் காணும் பயனர், செய்ததைத் திரும்பப் பெறும் வழி இது என்று ஊகிப்பது அரிது. பேச்சில் நாம் “பழையபடி ஆக்கு” என்கிறோம். “பழையபடி ஆக்கு” என்றோ, “முந்தைய நிலைக்குத் திருப்பு” என்றோ எழுதினால் சொல் சற்று நீளும். வழி இருப்பது தெரியும். மீள்வழி இருந்தும் அதன் பெயர் விளங்காவிடில், அப்பயனரைப் பொறுத்தவரை அது இல்லாததே.

முடிவுரை

உறுதிப்படுத்தும் வினா நழுவலை ஓரளவு தடுக்கிறது. பழக்கமானபின் அதையும் தடுப்பதில்லை. தவறான முடிவை அது எப்போதும் தடுத்ததில்லை. பிழை நேர்ந்தபின் பயனரின் இசைவுக்குச் சான்றாக நிற்பது மட்டுமே அதன் நிலைத்த பயனாகிறது. மீள்வழி இரு வகைப் பிழைகளுக்கும் இடமளிக்கிறது. மனிதர் பிழை செய்வர் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, அதற்கான செலவை வடிவமைப்பாளர் தம் பங்காக ஏற்கிறார். மீட்க இயலாத செயல்களில் பெயரையும் விளைவையும் காட்டி உறுதி பெறுவது முறை.

சேர்க்கை, உதவித்தொகை, தேர்வு, பணிவிண்ணப்பம் எனக் கல்வி நிறுவனங்களின் பெரும்பாலான நடைமுறைகள் இன்று படிவங்கள் வழியாகவே நிகழ்கின்றன. ஒரு மாணவரின் ஓராண்டு ஒரு பொத்தானில் அடங்கிவிடக்கூடும். ஆகவே இப்படிவங்களை வடிவமைக்கச் சொல்லும் நிலையில் இருப்பவர்கள், பயனரிடம் உறுதி கேட்கும் முன் தம்மிடம் ஒரு வினாவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இவர் தவறாக ஆம் என்று சொல்லிவிட்டால், நாளை இவர் திரும்பி வர வழி வைத்திருக்கிறோமா? தமிழ் இடைமுகங்களில் உறுதிப்படுத்தல், மீட்டல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைப் பயனரிடையே சோதித்துத் தரப்படுத்துவது மேலாய்வுக்குரிய களமாகும்.